முடித்து வைக்காத சிடி

ஜூன் 10, 2008

பரணிலிருந்து ரிக்கார்டரை இறக்கிவிட்டேன். இவர் மஸ்கட்டை ஒரேயடியாக விட்டு வந்தபோது கொண்டுவந்தது. பார்க்க சிடி பிளேயர் மாதிரிதான் இருக்கும். ஆனால் கேசட் டெக்கோடு இணைத்தால் கேசட்டில் இருப்பதைச் சிடியில் பதிந்து தரும், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். வந்த புதிதில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே திரண்டு வந்து பார்த்தது. இரண்டு கிறிஸ்மஸ் பாட்டுக் கேசட்டைப் பதிந்தார். அதோடு ஏழு வருஷம் போர்வை போர்த்திப் படுத்துவிட்டது.

"இப்ப எதுக்குளா அத எடுக்க?" என்றார்.

"ஹெப்சி கேட்டா. உங்க பழைய கேசட்ட எல்லாம் சிடில போட்டுக் குடுக்கணுமாம்."

ஹெப்சி எங்கள் மகள், சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் கேட்கவில்லை. தோன்றியிருந்தால் கேட்டிருப்பாள்.

இவருக்குத் தொண்டைக்குள் கட்டி. ஜூலை 21 மதுரையில் ஆபரேஷன். குரல்வளையை முழுக்க எடுத்துவிடுவார்கள். அப்புறம் பேச்சு கிடையாது. இப்போதே உப்புத்தாளை மரத்தில் தேய்க்கிற சத்தம்தான் வருகிறது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

சாயங்காலம், தைக்க வந்திருந்த நான்கு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன்.

ஜூன் 11

இவருடைய சூட்கேஸில் பத்தொன்பது கேசட் இருந்தன. 1983 முதல் 91 வரை. அந்தக் காலத்தில் எங்களுக்கு இதுதான் கடிதம். அவர் அங்கே ரூமில் உட்கார்ந்து பேசிப் பதிந்து, ஊருக்கு லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். நான் கேட்டுவிட்டுப் பதில் பேசி, அதே ஆள் திரும்பிப் போகும்போது கையில் கொடுப்பேன்.

கட்டிலில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். முதல் கேசட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். "ஏளா தங்கபுஷ்பம்" என்று கணீரென்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சர்ச்சில் வேதபாடம் வாசிக்க இவரையே கூப்பிடுவார்கள்.

"என் அன்புள்ள அத்தானுக்கு" என்று ஒரு சிறுக்கி கீச்சுக்குரலில் ஆரம்பித்தாள். யார் இவள் என்று பார்த்தால், நான்.

ஜூன் 12

பத்தொன்பதிலும் நான்தான்.

எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் பேசி அனுப்பியதைக் கேட்டு முடித்ததும் நாடாவை முதலுக்குச் சுற்றி, அதன் மேலேயே என் பதிலைப் பதிந்துவிடுவேன். நல்ல கேசட் கையில் இருக்கும்போது புதுசு எதற்கு என்ற புத்தி. எங்கள் தெருவில் வெளிநாட்டு வீடு அத்தனையிலும் இதே வழக்கம்தான். இவர் மட்டும் என் குரல் மேல் ஒரு நாளும் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்கிப் பேசி அனுப்பினார், என்னுடையதைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எட்டு வருஷம் இந்த மனிதர் பேசியதை எல்லாம் நானே உட்கார்ந்து அழித்திருக்கிறேன், அதுவும் கொஞ்சிக்கொண்டே.

சமைக்கத் தோன்றவில்லை. இட்லி மாவு இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து அவரைக்காய் நறுக்கும்போது சும்மா ஒரு கேசட்டை ஓடவிட்டேன். என் பேச்சு முடிந்தது. நிறுத்த எழுந்திருக்கச் சோம்பல். கடக் என்று ஒரு சத்தம். உடனே, பாதி வாக்கியத்திலிருந்து இவர்.

"...சேத்துத்தான் மீன்குழம்பு வச்சான். நல்லாத்தான் இருந்து. ஆனா நீ வைக்குத மாதிரி வருமா? இங்க ஏசி போட்டுக்கிட்டுத் தூங்குதோம்ளா, நாங்கதான் மாட்டுன ஏசி. வெளிய நெருப்பு, உள்ள மார்கழி..."

அவர் இருபத்தைந்து நிமிஷம் பேசியிருக்கிறார். அதன் மேல் நான் பதினெட்டு நிமிஷம்தான் பேசினேன். மிச்சம் ஏழு நிமிஷம் அப்படியே இருக்கிறது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த ரூமில் ஏசி உறுமுகிறது, யாரோ தாளிக்கிறார்கள், இவர் சிரிக்கிறார். அந்த ஏழு நிமிஷமும் நான் அந்த ரூமில்தான் இருந்தேன்.

ஜூன் 16

எல்லாவற்றையும் அவர் "வைக்கட்டா" என்று முடிக்கிற வரை ஓடவிட்டுக் குறித்துக்கொண்டேன். நான் ஆசை ஆசையாகப் பேசிய கேசட்டில் அவர் துளிகூட இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு வார்த்தையில் முடித்த கேசட்டில் நிறைய இருக்கிறார். என் கோபத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது.

எல்லாத் துண்டையும் சேர்த்தால் ஒரு சிடிக்குள் அடங்கும். நாடா பழசு, சில இடங்களில் உதிர்கிறது. சீக்கிரம் பதிந்துவிட வேண்டும்.

ஜூன் 18

மஸ்கட்டிலிருந்து வந்ததில் இரண்டு காலிச் சிடி மிச்சம். இது முதல் சிடி. கேசட் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரம் சிடியும் ஓட வேண்டும், அவசரப்படுத்த முடியாது. ஒரு வேடிக்கை: பேச்சில் நாலைந்து விநாடி இடைவெளி விழுந்தால் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, இந்தப் பெட்டி புது நம்பர் போட்டுவிடுகிறது. இவர் யோசித்து நிறுத்திய இடமெல்லாம் ஒரு நம்பர்.

பதிந்து கேட்டால் நடுநடுவே டப் டப் என்று அடிக்கிறது. பிரிட்ஜ் மோட்டார் ஓடி நிற்கிற சத்தம். அந்தச் சிடி குப்பைக்கு. இனி பதியும்போது பிரிட்ஜை அணைத்துவிட வேண்டும்.

ஜூன் 20

முப்பதாவது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் பெட்டி அந்தச் சிடியை அடையாளமே தெரியாது என்கிறது. பால் வேறு திரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துத் திட்டினேன்.

ஜூன் 24

ரயில்வே ஜங்ஷன் பக்கம் எட்டுக் கடை ஏறி இறங்கினேன். சாதாரண சிடி ஆகாதாம். "ஆடியோ" என்று அச்சடித்ததைத்தான் இந்த மகாராஜா ஏற்பார். கடைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கடைசிக் கடையில் தூசி தட்டி நான்கு கொடுத்தார்கள்.

ஹெப்சி போனில் சிரிக்கிறாள். "எம்மா, கடைல குடுத்தா கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரே நாள்ல குடுத்துருவாங்க. அந்த ஓட்டப் பெட்டிய நம்பிக்கிட்டு இருக்கீய."

"உங்க அப்பா எங்கிட்ட பேசுனத கடைக்காரன் உக்காந்து கேக்கணுமாக்கும்?"

அவள் அப்புறம் சிரிக்கவில்லை. அப்பாவிடம் கொடுங்கள் என்றாள். இவர் ரிசீவரை வாங்கி இரண்டு வார்த்தை உரசிவிட்டு என்னிடமே தந்துவிட்டார்.

ஜூன் 27

இன்று முக்கால்வாசி பதிந்துவிட்டேன். சோதித்துப் பார்ப்போம் என்று முடித்து வைக்கும் பட்டனை அமுக்கினேன். அதை அமுக்கினால்தான் இந்தச் சிடி ஊரில் உள்ள மற்ற பிளேயரில் பாடும். அமுக்காவிட்டால் இந்தப் பெட்டியில் மட்டும்தான் பாடும். அமுக்கிவிட்டால் அதன் பிறகு ஒன்றும் சேர்க்க முடியாது.

இரண்டு நிமிஷ வேலை. கடைசி விநாடியில் "டிஸ்க் எரர்" என்றது. உள்ளே இருந்த அத்தனையும் போய்விட்டது. நல்ல வேளை, கேசட் இருக்கிறது.

ஜூன் 30

வண்ணாரப்பேட்டை மைதீன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு காலத்தில் டேப்ரிக்கார்டருக்கு அவர்தான் டாக்டர்.

"லென்ஸ் களைச்சிட்டுக்கா. சூடாச்சின்னா எழுதாது. இதுக்கு ஸ்பேரும் கெடைக்காது. விடியக்காலம் குளுமையா இருக்கும்போது ஓட்டிப் பாருங்க."

"முடிச்சு வைக்கும்போதுதான் காலை வாருது."

"அது அப்படித்தான் செய்யும். அந்த நேரம் ரொம்பச் சூடாவும்லா. பதியதுக்கு பிரச்சன இல்ல, முடிக்கதுதான் கண்டம்."

இவர் ஏசி மெக்கானிக். இருபது வருஷம் மெஷினோடு குடித்தனம் நடத்தியவர். பக்கத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். இந்தப் பெட்டியை எடுத்த நாளிலிருந்தே என் மேல் கோபம். காரணம் எனக்குத் தெரியாது.

ஜூலை 3

இப்போது ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறேன். ஜன்னலைத் திறந்துவைத்து, பிரிட்ஜை அணைத்து, பெட்டியைப் போட்டால் முனகாமல் எழுதுகிறது. தெரு முழுக்கத் தூக்கம். கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் இருட்டு, நடுவில் இவர் குரல். அந்த நேரத்தில் எது எந்த வருஷம் என்று எனக்குக் குழம்பிவிடுகிறது. குழம்பிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இன்று என் பேச்சின் வாலிலிருந்து ஓடவிட்டேன். திடீரென்று மழை, சடசடவென்று. கொடியில் துணி கிடக்கிறதே என்று ஓடினேன். வாசலில் பொட்டுத் தண்ணீர் இல்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. கேசட்டில் பெய்த மழை. 85ஆம் வருஷத்து ஐப்பசி, நம்ம ஓட்டு வீட்டின் மேல். காய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உள்ளே இவர் பேச ஆரம்பித்தார்: "ஏளா, அங்க மழையா?"

முந்திய கடிதத்தில் கேட்ட கேள்வி. மேலே பதிந்த என் பதில் நாடாவில் கேள்விக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆமாம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஜூலை 6

சேலைக்கு பால்ஸ் தைத்தேன், மூன்று. கஞ்சியைத் தவிர எதுவும் இவருக்கு இறங்கவில்லை.

ஜூலை 8

பதினாலாவது கேசட். 1987. ஹெப்சிக்கு மூன்று வயது. அந்த வருஷம் லீவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் வரவில்லை. என் பதில் நாலு நிமிஷம்கூட இல்லை. "வாரதும் வராததும் உங்க இஷ்டம். பிள்ளைட்ட அப்பா எங்கன்னு கேட்டா போட்டாவக் காட்டுது. வைக்கேன்." கடக்.

பிறகு இவர். வேலை ஜாஸ்தி, லீவு தர மாட்டேன் என்கிறான், நான் சுகமாக இருக்கேன், கவலைப்படாதே, வைக்கட்டா. இதுவரை எனக்குத் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் "வைக்கட்டா" என்றதும் நிறுத்திவிட்டு, பதில் பேசச் சுற்றிவிடுவேன். போன மாதமும் அங்கேயேதான் நிறுத்தினேன். இன்று கையில் தையல் இருந்தது, நிறுத்தவில்லை. வெறும் இரைச்சல் ஓடியது. அப்புறம் பெட்டியில் புது நம்பர் விழுந்தது.

"ஏளா, நீ பயப்படாத. கம்ப்ரஸர் கால்ல விழுந்துட்டு. ஒரு மாசமா ஆஸ்பத்திரியில..."

நிறுத்திவிட்டார். இன்னொரு நம்பர்.

"நான் சுகமா இருக்கேன்." குரல் உடைகிறது. செருமுகிறார். இன்னொரு நம்பர். "நான் சுகமா இருக்கேன்." அதுவும் சரியில்லை. ஐந்து தடவை சொல்கிறார். ஐந்தாவது தடவை கணீரென்று வந்தது.

முதலில் இதையெல்லாம் பேசிப் பார்த்திருக்கிறார். பிறகு நாடாவைச் சுற்றி, அதன் மேலேயே நல்ல குரலில் சுருக்கமாகப் பேசி எனக்கு அனுப்பியிருக்கிறார். என் குரல் மேல் பேசாத மனிதர், தன் குரல் மேலேயே பேசியிருக்கிறார்.

இடது கணுக்காலில் அவருக்கு ஒரு தழும்பு உண்டு. லிப்ட் கதவு இடித்தது என்று சொல்லியிருந்தார். நான் இருபத்தொரு வருஷமாக அந்த லீவைச் சொல்லிக் காட்டி வருகிறேன். போன மாதம்கூட.

ஜூலை 9

உளுந்தங்களி கிண்டினேன், இவருக்கு இறங்குகிற மாதிரி தளர்வாக. "இன்னைக்கு என்ன விசேசம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 11

பதினாலாவது கேசட்டை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டுப் போட்டேன். டெக் அதை மென்று துப்பிவிட்டது. நாடா கசங்கி, இரண்டாக அறுந்து, பாதி உள்ளே சுற்றிக்கொண்டு வந்தது. இனி அது சிடியில் மட்டும்தான் இருக்கிறது. முடித்து வைக்காத சிடியில்.

ஜூலை 15

எல்லாம் பதிந்தாகிவிட்டது. ஐம்பத்தெட்டு நிமிஷம். இருபத்திரண்டு நிமிஷம் காலி. காலை ஐந்தரை, நல்ல குளிர்ச்சி. முடித்து வைத்துவிடலாம் என்று பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். இவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

"அந்தப் பட்டன அமுக்காதளா."

"அமுக்கலன்னா வேற எதுலயும் பாடாது. இந்தப் பெட்டி நாளைக்கே போயிட்டுன்னா?"

"எது போயிரும்னு பயப்படுத? பெட்டியா, நானா?"

"வாய்க்கு வந்தத பேசாதீய. ஹெப்சிக்குத்தான் செய்யுதேன்."

"ஹெப்சிக்கா?" சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. மூச்சு வாங்கி நின்றுவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக உரசி உரசிச் சொன்னார். "ஒரு மாசமா பாக்கேன். நான் உயிரோட இந்தக் கட்டில்ல கெடக்கேன். நீ அங்க உக்காந்து எனக்குக் காரியம் நடத்துத."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். எழுத வேண்டாம். கடைசியில், "முடிக்காம வச்சு என்ன செய்ய?" என்றேன்.

"எடம் கெடக்குல்லா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

இன்னும் ஆறு நாளில் பேச்சே இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார். நான் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன், இரண்டு தடவை களைந்தேன்.

ஜூலை 18

பேச்சு வார்த்தை இல்லை. அவர் பேசுகிற கடைசி நாட்களை இப்படிப் பாழாக்குகிறோம்.

சாயங்காலம் நானே போய்க் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கணுக்காலைப் பிடித்துவிட்டேன். தழும்பின் மேல். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"கேட்டுட்டியா?" என்றார்.

"ம்."

"அஞ்சாவது தடவ நல்லா வந்துல்ல?"

நான் அழுதேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 20

காலையில் மதுரை புறப்பாடு. பெட்டி முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். பட்டன் மேல் விரல் இருந்தது. அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. அதனால்தான் அமுக்கவில்லை.

ஜூலை 21

ஏழு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 24

கண் விழித்தார். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. ஹெப்சி வந்திருக்கிறாள். சிலேட்டு வாங்கி வந்தோம். முதலில் எழுதியது: "பெட்டிய ஈரத்துல வைக்காத."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். வீட்டில் இப்போது பேசுகிற ஒரே ஆள் நான்தான். எனக்கே அலுப்பாக இருக்கிறது. சண்டை போட்டால்கூட எதிராளி எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் கோபம் ஆறிவிடுகிறது.

செப்டம்பர் 5

இவர் ரிக்கார்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து லென்ஸைத் துடைத்தார். பின்பக்கம் ஒரு சின்ன விசிறியைப் பொருத்தினார். சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டி இரு என்கிறார். மாட்டி முடித்துச் சிடியை ஓடவிட்டார். உச்சிவெயில் நேரம், ஒரு தடங்கலும் இல்லை. தன் குரலை அவர் கேட்கும்போது முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கொல்லையில் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

அக்டோபர் 13

ஹெப்சி ஒரு கருவி அனுப்பியிருக்கிறாள். சின்ன டார்ச் லைட் அளவு. கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் பேச்சாக வருமாம். இவர் அதை ரூமுக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து வண்டு இரைகிற சத்தம் மட்டும் வந்தது. கதவைத் தட்டினால் சத்தம் நின்றுவிடுகிறது.

அக்டோபர் 28

இன்னும் கதவு சாத்தித்தான். என் முன்னால் ஒரு எழுத்து பேசவில்லை. சிலேட்டில் கேட்டேன், நானும் சிலேட்டிலேயே: எப்போ? "நல்லா வரட்டும்" என்று எழுதினார்.

நவம்பர் 9, ஞாயிறு

வெளியே நிஜமாகவே மழை. சர்ச்சுக்குப் போகவில்லை. கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தார். பிரிட்ஜை அணைத்தார். ரிக்கார்டரில் மைக்கைச் சொருகினார். பதியும் பட்டனை அமுக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னை வாவென்று கையைக் காட்டினார்.

கருவியைக் கழுத்தில் வைத்தார். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. ஓட்டில் விழுகிற மழைச் சத்தம்தான். பிறகு எங்கேயோ தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, அதற்குள்ளிருந்து,

"ஏ... ளா."

பெட்டி புது நம்பர் போட்டது.

"கஞ்சில... உப்பு... இல்ல."

"ஏன் இல்ல? ரெண்டு தடவ போட்டேன்! நாக்கு செத்துப் போயிக் கெடக்கு உங்களுக்கு, உப்பு இல்லையாம்! நாலு மாசம் கழிச்சு வாயத் தொறந்து, தொறந்ததும் குத்தம் சொல்லுத வாயா?" கத்திக்கொண்டே அழுகிறேன், அழுதுகொண்டே சிரிக்கிறேன், அவர் விடாமல் கழுத்தில் வைத்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், நான் நிறுத்தவே இல்லை.

போட்டுக் கேட்டோம். வழக்கம் போல அவர் மேலேயே பேசியிருக்கிறேன். ஆனால் அடியில் அவர் சொல்வது ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. "இல்ல... இல்ல... நீ... குடிச்சுப் பாரு" என்கிறார்.

சிடியை அப்படியே பெட்டிக்குள் விட்டுவிட்டோம். கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லைதான்.